எல்வ மொழிகளில் சொல்லின் வேர் தேடுதல்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையில் கூடும் எங்கள் சிறிய வாசிப்பு வட்டத்தில் ஜே. ஆர். ஆர். டோல்கீனின் நூல்களைப் படிக்கத் தொடங்கிய பிறகு, கதையைப் பற்றிய கேள்விகளைவிடப் பெயர்களைப் பற்றிய கேள்விகளே அதிகம் வருகின்றன. மோர்தோர் என்றால் என்ன, மோரியா என்றால் என்ன, இரண்டுக்கும் உறவு உண்டா என்று கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வரும் மாணவர்கள் விடாமல் கேட்கிறார்கள். அவற்றுள் அடிக்கடி வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். டோல்கீனின் கதைகளில் எல்வர் என்பவர்கள் மூப்பும் இயற்கை மரணமும் இல்லாத ஓர் இனம். அவர்கள் பேசுவதாக அவர் உருவாக்கிய மொழிகளையே எல்வ மொழிகள் என்கிறேன்.

கற்பனையாக உருவாக்கிய மொழிக்குச் சொற்பிறப்பு எப்படி இருக்க முடியும்? ஆசிரியர் தம் விருப்பப்படி போட்ட சொற்கள்தானே?

பல கற்பனை மொழிகளுக்கு அப்படிச் சொல்லலாம். இவற்றுக்குச் சொல்ல முடியாது. டோல்கீன் (1892–1973) தொழிலாலேயே மொழிநூலறிஞர். 1919–1920 ஆண்டுகளில் ஆக்ஸ்ஃபோர்ட் ஆங்கில அகராதியில் டபிள்யூ எழுத்தில் தொடங்கும் சொற்களின் பிறப்பை ஆராய்ந்தார். 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். தொல்மொழி ஒன்றிலிருந்து பல மொழிகள் எப்படிக் கிளைத்தன என்று ஆராயும் அதே முறையை அவர் தலைகீழாகச் செய்தார். முதலில் வேர்களை வைத்தார், ஒலிமாற்ற விதிகளை வகுத்தார், பிறகு அந்த விதிகளின் வழியே சொற்களை வரவிட்டார். எல்வ மொழிகளில் ஒன்றான குவென்யாவுக்கு அவர் எழுதிய முதல் சொற்பட்டியல் 1915ஆம் ஆண்டளவில் தொடங்கியது. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வெளிவந்தது 1954–55இல். இடையில் நாற்பது ஆண்டுகள். மொழிகளுக்கு ஓர் உலகம் வேண்டும் என்பதற்காகவே கதைகள் பிறந்தன என்று அவரே எழுதியிருக்கிறார்.

பள்ளியில் இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று படித்திருப்பீர்கள். டோல்கீன் நூல்களில் வரும் எல்வப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை காரணப்பெயர்கள். பகுபத உறுப்பிலக்கணம் செய்து பழகிய எவருக்கும் இந்த வேலையின் பாதி ஏற்கெனவே தெரியும்.

குவென்யா, சிந்தாரின் என்று இரண்டு பெயர்கள் அடிபடுகின்றனவே. ஒன்றிலிருந்து மற்றது வந்ததா?

இல்லை, இரண்டும் உடன்பிறந்தவை. கதைக்குள் எல்வர்களின் மூலமொழி ஒன்று இருந்தது. மேற்கே கடல் கடந்து போனவர்களின் பேச்சிலிருந்து வந்தது குவென்யா; கடலுக்கு இந்தப் பக்கமே தங்கிவிட்டவர்களின் பேச்சிலிருந்து வந்தது சிந்தாரின். தெலெரின் போன்ற வேறு கிளைகளும் உண்டு. ஒலியின் சாயலில் குவென்யாவுக்கு ஃபின்னிய மொழியும் லத்தீனும் கிரேக்கமும் தூண்டுதல். சிந்தாரினுக்கு வேல்ஸ் மொழி. இதை டோல்கீன் வெளிப்படையாகவே சொன்னார்.

இந்த உறவைத் தமிழும் கன்னடமும் போல எண்ணிப் பாருங்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் புலி, அங்கே ஹுலி. பல் என்பது ஹல்லு. ஒரு சொல்லில் மட்டும் பகரம் ஹகரமானால் தற்செயல் எனலாம். சொல்லுக்குச் சொல் அப்படியே நடந்தால் அது விதி. எல்வ மொழிகளிலும் இப்படித்தான். மூலமொழியின் 'க்வ்' குவென்யாவில் அப்படியே நிற்கிறது; சிந்தாரினில் பகரமாகிறது. பேசு என்பதற்கு முன்னதில் 'குவெத்', பின்னதில் 'பெத்'. மோரியா எனும் நிலத்தடி நகரின் கதவில் 'பெதோ மெல்லோன்' என்று எழுதியிருக்கிறதே, 'நண்பன் என்று சொல்' என்ற பொருளில், அந்தப் 'பெதோ' இந்த வேர்தான்.

சொல் முதலில் நின்ற மெல்லொலிக் ககரம் ('தங்கம்' என்பதில் ஒலிக்கும் ககரம்) குவென்யாவில் மறைந்துவிடுகிறது. ஆகவே கல்லுக்குக் குவென்யாவில் 'ஒந்தோ', சிந்தாரினில் 'கோந்த்'. மரத்துக்கு 'அல்தா', 'கலத்'. சொல் முதலில் இருந்த 'ந்த்' குவென்யாவில் நகரமாகவும் சிந்தாரினில் தகரமாகவும் பிரிகிறது: நாடு என்பதற்கு 'நோரே', 'தோர்'. நூமெனோரே மேற்கு நாடு, கோந்தோர் கல்நாடு, மோர்தோர் கருநாடு. நம் மாவட்டத்தில் நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளி என்று வரிசையாகப் பார்க்கும்போது 'வெளி' தனி உறுப்பென்று யாரும் சொல்லாமலே பிடிபடுகிறது அல்லவா? 'தோர்' என்பதையும் அப்படியே பிரித்தெடுக்கலாம். பொதுவான உறுப்பைக் கண்டுபிடிப்பதே முதல் படி.

எல்வச் சொற்களைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்தால் போதுமா?

போதாது. தமிழ் எழுத்து வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் ஒரே வடிவத்தைத் தருகிறது. தந்தைக்குக் குவென்யாவில் உள்ள சொல் வல்லொலித் தகரத்துடனும் சிந்தாரினில் உள்ள சொல் மெல்லொலித் தகரத்துடனும் வருகின்றன. தமிழில் இரண்டையும் 'அதர்' என்றே எழுத வேண்டியிருக்கும். விதி கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் நான் தமிழில் எழுதினாலும் உங்கள் குறிப்பேட்டில் ரோமன் எழுத்தில், உயிர்மேல் இடும் நெடிற்குறிகளையும் விடாமல் எழுதுங்கள்.

ஆனால் தமிழ் பேசுபவருக்கு இங்கே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. 'தாதா' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் தகரம் அழுத்தமாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் தகரம் மெலிந்தும் ஒலிக்கும். ககரம், பகரம் முதலியவற்றுக்கும் இதுவே. உயிர்களுக்கிடையே வல்லொலி மெலிவதுதான் சிந்தாரினை உருவாக்கிய பெரிய மாற்றங்களில் ஒன்று. வாளுக்குக் குவென்யாச் சொல்லில் வல்லொலிக் ககரம். சிந்தாரினின் 'மெகில்' மெலிந்த ககரத்துடன் வருகிறது. கருவாள் எனும் பொருளுடைய 'மோர்மெகில்' தூரின் என்ற வீரனின் பட்டப்பெயர். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. நம் நாக்கு அதை நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறது.

நம் துறைமுகத்துக்குப் பொருந்தும் எல்வச் சொல் உண்டா? அதை எப்படித் தேடிப் பிடிப்பது?

உண்டு. இதையே முழு உதாரணமாக எடுத்துக்கொள்வோம்; தேடும் முறையும் விளங்கும்.

முதலில் துறை, துறைமுகம் என்ற பொருளில் வரும் இடப்பெயர்களைத் திரட்டுங்கள். அல்குவலோந்தே என்பது குவென்யா. அன்னப்பறவைத் துறை என்று பொருள். மித்லொந்த் என்பது சிந்தாரின், சாம்பல்நிறத் துறை. லொந்த் தைர் என்பதும் சிந்தாரின், பெருந்துறை. அன்னத்துக்குக் குவென்யாச் சொல் 'அல்குவா' என்பதும், சாம்பல் நிறத்துக்குச் சிந்தாரினில் 'மித்' என்பதும் வேறு இடங்களாலும் உறுதியாகின்றன. அவற்றைக் கழித்தால் எஞ்சுவது 'லோந்தே', 'லொந்த்'. சொல்லிறுதி உயிர் குவென்யாவில் நிற்கும், சிந்தாரினில் உதிரும் என்பது விதி. ஆகவே இரண்டும் ஒரே மூலத்தின் இரு வடிவங்கள்.

இப்போது அகராதிச் சான்று. 1977இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலின் இறுதியில் பெயர்களின் உறுப்புகளை விளக்கும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அங்கே இந்தச் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருள் 'நிலம் சூழ்ந்த துறை'. கடலை நோக்கித் திறந்த கரையோரத் துறைக்கல்ல, நிலத்தால் அணைக்கப்பட்ட துறைக்கு. கொட்டியாரக்குடாவைத் தாண்டி உள்துறைமுகத்துக்குள் வந்து நின்று சுற்றிலும் குன்றுகளைப் பார்த்தவருக்கு இந்தச் சொல்லின் துல்லியம் புரியும்.

இங்கே நிறுத்திவிடுபவர்கள் பலர். நிறுத்தாதீர்கள். 1930களின் பிற்பகுதியில் டோல்கீன் எழுதிய வேர்ச்சொல் அகராதி ஒன்று உண்டு. 'எட்டிமாலஜீஸ்' என்று அழைக்கப்படும் அது, அவர் மகன் கிறிஸ்டோபர் பதிப்பித்த 'தி லாஸ்ட் ரோட்' தொகுதியில் 1987இல் அச்சாயிற்று. அதில் இதே குவென்யாச் சொல்லுக்குக் கடல்வழி, கப்பல் செல்லும் வாய்க்கால், துறைமுகத்தின் நுழைவாயில் என்று பொருள். இணைச்சொல்லுக்கு ஒடுங்கிய பாதை, கணவாய், நீரிணை என்ற பொருள்கள். அதாவது முதலில் அது துறைமுகமே அல்ல. துறைமுகத்துக்குள் போகும் ஒடுக்கமான வழி. ஓஸ்டன்பேர்க் கோட்டை முனையின் அடியில் கப்பல்கள் உள்ளே திரும்பும் அந்த வாயிலைத்தான் பழைய பொருள் சுட்டும். உள்ளே விரியும் நீர்ப்பரப்பைப் பிந்திய பொருள் சுட்டும். எனவே ஒருவர் உங்களிடம் 'லோந்தே என்றால் என்ன?' என்று கேட்டால், எந்த ஆண்டுக் குறிப்பின்படி என்று திருப்பிக் கேட்பதே முறை.

அப்படியானால் எது சரியான பொருள்? ஆசிரியர் கடைசியாகச் சொன்னதுதானா?

இந்தத் துறையின் நடுமையமே இந்தக் கேள்விதான். ஒவ்வோர் எல்வச் சொல்லுக்கும் இரண்டு வரலாறுகள் உண்டு. ஒன்று உள்வரலாறு: கதைக்குள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மூலமொழியிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது என்பது. மற்றது புறவரலாறு: டோல்கீனின் மேசையில், 1915க்கும் 1973க்கும் இடையில், அந்தச் சொல்லைப் பற்றி அவர் என்னென்ன முடிவுகளை எடுத்து மாற்றினார் என்பது. இரண்டையும் கலந்துவிட்டால் அதன் பிறகு சொல்லும் எதுவும் நிற்காது.

பெரிய எடுத்துக்காட்டு சிந்தாரினேதான். எட்டிமாலஜீஸ் அகராதியில் சிந்தாரின் என்ற மொழியே இல்லை. அங்கே இருப்பது நோல்தோரின். வேறோர் எல்வக் குடியின் மொழி. பிற்காலத்தில் டோல்கீன் அந்த மொழியின் உடலைப் பெரும்பாலும் வைத்துக்கொண்டு, அதைப் பேசியவர்கள் யார், அது எப்படி வந்தது என்ற வரலாற்றையே மாற்றிச் சிந்தாரின் ஆக்கினார். சில ஒலிகளும் உடன் மாறின. மேலே சொன்ன 'லொந்த்' அந்த அகராதியில் காற்றொலி கலந்த லகரத்துடன் தொடங்குகிறது. பின்னர் வெறும் லகரம். பழைய அகராதிச் சொல்லை அப்படியே எடுத்துச் சிந்தாரின் என்று முத்திரையிடுவது தவறாகப் போவதற்கு இதுவே காரணம்.

இன்னொன்று என்னை மிகவும் தொட்டது. 'எல்ரோஸ்' என்ற பெயரின் இறுதி உறுப்புக்கு முதுமையில் டோல்கீன் ஒரு விரிவான விளக்கம் எழுதினார்: அது எல்வச் சொல்லே அல்ல, மனிதர் மொழியொன்றின் சொல், நுரை என்று பொருள், என்பதாக. பக்கம் பக்கமாக எழுதிய பிறகு, ஏற்கெனவே அச்சான நூலில் 'கைர் அந்த்ரோஸ்' என்ற தீவின் பெயரில் அதே உறுப்பு சிந்தாரின் சொல்லாக விளக்கப்பட்டிருப்பதைக் கண்டார். இதில் பெரும்பகுதி தோற்றுவிட்டது என்று தாளில் குறித்துவைத்தார். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆனாலும் அச்சில் வந்ததை மீற அவர் மனம் ஒப்பவில்லை. தாம் படைத்த மொழியிடமே அந்த அளவு நேர்மையாக நடந்துகொண்டவரின் சொற்களை நாம் அவசரமாகக் கையாளலாமா?

நான் பின்பற்றும் வரிசை இது. டோல்கீன் உயிரோடிருந்தபோது அச்சில் வந்தது முதலில்; அதற்கு முரண்படாத பிற்காலக் குறிப்பு அடுத்து; பழைய அகராதி அதற்கும் அடுத்து. எதைச் சொன்னாலும் ஆண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

குவென்யாவில் பாதத்துக்கு 'தால்' என்று இருக்கிறது. தமிழில் தாள். தரைக்குத் 'தலம்' என்ற வேர், நமக்குத் தளம். தாய்க்கு 'அம்மே'. டோல்கீன் தமிழிலிருந்து எடுத்தாரா?

மூன்றும் உண்மையான ஒற்றுமைகள். எட்டிமாலஜீஸில் 'தால்' என்ற சொல் பாதம் என்ற பொருளில்தான் இருக்கிறது. திருக்குறளின் 'நற்றாள் தொழாஅர் எனின்' நினைவுக்கு வராமல் இராது. முதன்முதலில் காணும்போது மெய்சிலிர்ப்பதில் வியப்பில்லை. ஆனால் சிலிர்ப்பு சான்றாகாது.

உறவு என்று நிறுவ மூன்று தேவை: ஒலி பொருந்த வேண்டும், பொருள் பொருந்த வேண்டும், ஒரு வழி இருக்க வேண்டும். முதலிரண்டும் இங்கே இருக்கின்றன. மூன்றாவது இல்லை. டோல்கீன் தமக்குத் தூண்டுதல் என்று சொன்ன மொழிகள் ஃபின்னியம், வேல்ஸ், லத்தீன், கிரேக்கம் முதலியன. தமிழ் அந்த வரிசையில் இல்லை. மேலும், தமிழ்த் தாளுக்கும் தளத்துக்கும் லகர ளகர வேறுபாடு முக்கியம். எல்வ மொழிகளில் ளகரமே இல்லை. ஓரசை வேர்களைக் கொஞ்சம் ஒலிகளால் கட்டினால் உலகின் ஏதோ ஒரு மொழியோடு ஒத்துப்போகாமல் இருக்க வழியில்லை. தாய்க்கான சொல்லோ தனிக்கதை. குழந்தையின் உதடு முதலில் கூட்டும் ஒலிகளில் ஒன்று மகரம். அதனால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மொழிகளிலும் அம்மாவுக்கு மகரம் வருகிறது. அதை வைத்து எந்த உறவையும் நிறுவ முடியாது.

ஒத்துப்போகாதவற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிந்தாரினில் 'மோர்' கருமை. நமக்கு வெள்ளை நிறமான மோர். குவென்யாவில் 'கலா' ஒளி. அதன் வேர் 'கல்'. நமக்குக் கல் என்றால் வேறு. ஒத்த மூன்றை மட்டும் எடுத்து ஒவ்வாத முந்நூற்றை மறைப்பதுதான் இந்த வகை ஆராய்ச்சியின் தீராத நோய்.

ஐரோப்பியச் சொற்களோடும் இப்படி ஒற்றுமைகள் உண்டா? சௌரோன் கிரேக்கத்தில் பல்லியாம், மோரியா பைபிளில் வருகிறதாம்.

இந்த இரண்டையும் 1967இல் எழுதிய ஒரு கடித வரைவில் டோல்கீனே மறுத்தார். கதையின் பெரும் பகைவனான சௌரோனின் பெயர் 'அருவருக்கத்தக்க' என்ற பொருளுடைய எல்வச் சொல்லிலிருந்து வந்தது. மோரியா என்பது 'மோர்' என்ற கருமையும் 'இயா' என்ற பாதாளமும் சேர்ந்தது, கரும்பிளவு. பைபிளின் மோரியா மலைக்கும் அதற்கும் பொருள் தொடர்பில்லை. நார்வே நாட்டுப்புறக் கதையொன்றில் வரும் கோட்டைப் பெயரின் ஓசை மட்டும் காதில் தங்கியிருந்தது என்றார். ஓசை ஓரிடத்திலிருந்து வரலாம், பொருள் வேறிடத்திலிருந்து வரலாம். புறவரலாறும் உள்வரலாறும் பிரிந்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான இடமில்லை.

மறுக்காத இடமும் உண்டு. எயாரெந்தில் என்ற பெயர் பழைய ஆங்கிலக் கவிதை ஒன்றில் வந்த 'எயாரெந்தெல்' என்ற சொல்லின் அழகில் மயங்கி எடுத்தது என்று ஒப்புக்கொண்டார். எடுத்த பிறகு அதைச் சும்மா விடவில்லை. கடல் என்ற 'எயார்', அன்புகொண்டவன் என்ற 'ந்தில்' இரண்டும் கூடிய குவென்யாப் பெயராக அதற்கு உள்ளே ஒரு வீடு கட்டினார். அந்த 'ந்தில்' உறுப்பு எலெந்தில் என்ற பெயரிலும் வருகிறது. நூமெனோர் தீவு மூழ்கிய பின் அதற்கு வந்த பெயர் 'அதலாந்தே', வீழ்ந்தது என்ற பொருளில். வழுக்கிச் சரிவதைக் குறிக்கும் 'தலத்' என்ற வேர் முன்பே இருந்ததாகவும், அட்லாண்டிஸோடு ஒத்தது விநோதமான தற்செயல் என்றும் அவர் எழுதினார்.

கதைக்குள் இருப்பவர்களே சொற்களைத் தவறாகப் பிரிப்பதுண்டா?

உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நம்மூரில் 'கதிரை' என்ற சொல்லைக் கேட்ட வெளியூர்க்காரர் கதிரோடு சேர்த்துப் பொருள் சொல்ல முயலக்கூடும். அது போர்த்துக்கீசரிடமிருந்து வந்தது. டச்சுக்காரரிடமிருந்து கந்தோர் வந்தது. வேற்றுச் சொல் உள்ளே வந்ததும், காது அதை அறிந்த சொல்லோடு இணைத்துவிடப் பார்க்கும்.

தூர்கோன் மன்னன் தன் மறைநகருக்குக் குவென்யாவில் 'ஒந்தோலிந்தே' என்று பெயரிட்டான்: நீரின் இசை எழும் பாறை. 'லிந்தே' என்றால் பாட்டு. சிந்தாரின் பேசியவர்கள் அதைக் கோந்தோலின் என்று மாற்றி, 'மறைந்த பாறை' என்று பொருள் கொண்டார்கள். ஒலி ஏறத்தாழ அதே. பொருள் முழுதும் வேறு. நகரத்தின் நிலைமைக்கு அந்த இரண்டாவது பொருள் அத்தனை பொருந்தியதால் அதுவே நிலைத்துவிட்டது.

கலத்ரியெல் அரசியின் பெயரும் இப்படியே. ஒளிமாலை சூடிய பெண் என்பது அதன் உண்மைப் பொருள். தெலெரின் வடிவம் 'அலதாரியெல்'. ஆனால் அவள் மரங்கள் அடர்ந்த லோரியென் நாட்டின் அரசி. மரத்துக்குச் சிந்தாரினில் 'கலத்'. ஒளிர்வுக்கும் கிட்டத்தட்ட அதே ஒலி. இறுதித் தகரத்தின் தன்மையில் மட்டும் சிறு வேறுபாடு. ஆகவே நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள் அவளை மரங்களின் பெண்ணாக்கிப் பெயரையும் கொஞ்சம் திரித்தார்கள். தமிழ் எழுத்தில் இரண்டும் 'கலத்' என்றே விழுவதைக் கவனியுங்கள். மேலே ரோமன் எழுத்தை வற்புறுத்தியது இதற்காகத்தான். தவறான பிரிப்பைக்கூட வரலாற்றின் பகுதியாக எழுதிவைக்கத் தோன்றியவர் மொழியை எவ்வளவு உற்றுக் கேட்டிருக்க வேண்டும்!

இசில், இத்தில் இரண்டுக்கும் சந்திரன் என்றே போட்டிருக்கிறது. சகரமும் தகரமும் ஏன் மாறுகின்றன?

மூலத்தில் இருந்தது நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்து ஊதும் ஒலி. இங்கே அதைத் தகரத்தால் குறிக்கிறேன். சிந்தாரின் அதைக் காத்தது: மினாஸ் இத்தில், சந்திரக் கோபுரம். நோல்தோர் குடியினரின் குவென்யாவில் அது சகரமானது: இசில்தூர் என்ற பெயரில் அதைக் காணலாம். சௌரோனின் சிந்தாரின் பெயர் கோர்த்தவுர் என்பதிலும் இதே இணை.

1960களின் பிற்பகுதியில் எழுதிய ஒரு கட்டுரையில் டோல்கீன் இந்த ஒரு மெய்யொலிக்கு ஒரு குடும்பத்தின் துயரத்தையே பின்னணியாக வைத்தார்; அது 1996இல் அச்சானது. நோல்தோர் இளவரசன் ஃபெயனோரின் தாய் மீரியெலின் சிறப்புப் பெயர் அந்த ஊதொலியோடு தொடங்கியது. தன் பெயரை அப்படியே ஒலிக்க வேண்டும் என்பது அவள் விருப்பம். அவள் இறந்தாள், ஃபெயனோரின் தந்தை மறுமணம் செய்தார், அதற்குள் குடியினர் சகரத்துக்கு மாறிவிட்டிருந்தார்கள். சகரம் சொன்ன ஒவ்வொருவரும் தன் தாயை அவமதிப்பதாக ஃபெயனோர் கருதினான். ஒலிமாற்ற விதி என்று நாம் ஒரு வரியில் எழுதுவதற்குப் பின்னால் மனிதர் இருக்கிறார்கள். ழகரத்தை ஒருவர் எப்படி ஒலிக்கிறார் என்பதைக் கொண்டே ஊரையும் படிப்பையும் எடைபோடும் சமூகத்தில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல.

'நாம்', 'நாங்கள்' வேறுபாடு எல்வ மொழியில் உண்டா?

குவென்யாவில் உண்டு. எல்வரின் புகழ்பெற்ற வாழ்த்து 'எலென் சீலா லூமென் ஒமெந்தியெல்வோ': நம் சந்திப்பின் வேளையில் ஒரு விண்மீன் ஒளிர்கிறது. முதற்பதிப்பில் கடைசிச் சொல் 'ஒமெந்தியெல்மோ' என்று இருந்தது. 1965இன் திருத்திய பதிப்பில் 'ஒமெந்தியெல்வோ' ஆயிற்று. கேட்பவரையும் உட்படுத்தும் 'நம்', உட்படுத்தாத 'எங்கள்' ஆகியவற்றுக்கான விகுதிகளை டோல்கீன் திருத்தி அமைத்ததன் விளைவு அது. ஒரே ஒரு மெய்யெழுத்து மாற்றம். ஆங்கில வாசகருக்கு இதை விளக்க ஒரு பத்தி வேண்டும். தமிழ் வாசகரிடம் 'நம்', 'எங்கள்' என்று சொன்னால் போதும். சந்திப்பைக் குறிக்கும் 'ஒமெந்தியே' என்ற சொல்லும் கூர்மையானது: இருவரின் வழிகள் வந்து கூடுவதற்கு அது. பலர் கூடினால் வேறு சொல்.

வேற்றுமை உருபுகளும் நமக்குப் பழக்கமானவை. முடிசூட்டு நாளில் அரகோர்ன் சொல்லும் 'எயாரெல்லோ' என்பதில் 'எயார்' பெருங்கடல். 'ல்லோ' என்பது 'இலிருந்து'. 'எந்தோரென்னா' என்பதில் 'ன்னா' என்பது நோக்கிச் செல்லும் திசையைக் காட்டும் உருபு. வினையின் இறுதியில் தன்மை விகுதியும் வரும். இது அமைப்பில் உள்ள ஒற்றுமை மட்டுமே; உறவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சில வடிவங்களுக்கு முன்னால் நட்சத்திரக்குறி ஏன்?

எழுத்தில் காணப்படாத, ஒப்பிட்டு மீட்டெடுத்த வடிவம் என்று பொருள். திராவிட மூலமொழிச் சொற்களுக்கும் இதே குறிதான். எல்வ மொழி ஆய்வில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு: டோல்கீனே கதைக்குள் மீட்டெடுத்ததாகக் குறித்த வடிவங்களும் இருக்கின்றன, இன்றைய ஆர்வலர்கள் ஊகித்தவையும் இருக்கின்றன. நட்சத்திரம் யாருடையது என்று பாருங்கள்.

திரைப்படங்களில் பேசும் எல்வ வசனங்களை ஆதாரமாகக் கொள்ளலாமா? வீட்டுக்கு எல்வப் பெயர் வைக்க விரும்புகிறேன்.

2001 முதல் 2003 வரை வெளிவந்த படங்களின் சிந்தாரின் வசனங்களில் பெரும்பகுதியை மொழியியலாளர் டேவிட் சாலோ அமைத்தார். திறமையான வேலை, ஆனால் டோல்கீன் எழுதியதல்ல. சொல்லின் பிறப்புக்கு அதைச் சான்றாக வைக்கக் கூடாது.

பெயர் வைப்பதற்குத் தடையில்லை. நூல்களில் உள்ள சொற்களாலேயே கட்டுங்கள். சிந்தாரினில் தலைமைச்சொல் முன்னால் வரும் தொடர்ப்பெயர்கள் பல: அமோன் சூல் காற்றுக்குன்று, மினாஸ் திரித் காவற்கோபுரம். 'மலை' என்பதைக் கடைசியில் வைக்கும் நம் வழக்கத்துக்கு அது நேர்மாறு. குவென்யாக் கூட்டுச்சொற்கள் பெரும்பாலும் நம்மைப் போல அடைமொழியை முன்னால் வைக்கும். 'திரித்' என்பதன் வேர் 'திர்', உற்றுப் பார்த்தல்; தொலைவைக் காட்டும் கல்லான பலந்தீரிலும் அதே வேர் இருக்கிறது.

எல்வ எழுத்துகளும் படிக்க வேண்டுமா?

வேர் தேடுவதற்குத் தேவையில்லை. ஆனால் தெங்வார் எழுத்துகள் ஒலி பிறக்கும் இடத்தையும் முறையையும் வைத்து வரிசைப்படுத்தப்பட்டவை. வல்லினம் மெல்லினம் என்று இனம் பிரித்துப் பழகியவருக்கு ஒரு மாலைப்பொழுதில் பிடிபடும்.

'மோர்' என்பது ஏன் கருமையைக் குறிக்க வேண்டும்? வேருக்கு வேர் என்ன?

அங்கே நிறுத்த வேண்டும். 'மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா' என்று தொல்காப்பியம் சொல்வது இந்த இடத்துக்கும் பொருந்தும். டோல்கீன் சில வேர்களுக்குக் கதை தந்தார்: எல்வர் முதன்முதலில் கண்விழித்து விண்மீன்களைக் கண்டு 'எலே!' என்று கூவினர், அதிலிருந்தே விண்மீனுக்கு 'எலென்', விண்மீன் மக்களுக்கு 'எல்தார்' என்று. மற்ற வேர்கள் வெறும் வேர்களாகவே நிற்கின்றன.

நம்மூர்ப் பெயரின் மூலமே தீராத வாதமாக இருக்கும்போது, இல்லாத மக்களின் மொழிக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனத்தாங்கல் எனக்குப் புரிகிறது. 7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் 'கோணமாமலை' என்று பாடினார். திருகோணமலையாகக் கொள்ளப்படும் ஊருக்கு மகாவம்சம் தரும் பெயர் 'கோகண்ண'. 'கோண்' என்று வளைவைக் குறிக்கும் தமிழ்ச் சொல் உண்டு, 'கோண' என்று வடசொல்லும் உண்டு, பசுவின் காது என்ற பொருளில் கோகர்ணமும் உண்டு. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குகிறார்கள். சொல்லின் பிறப்பைச் சொல்வது நிலத்தின் உரிமையைச் சொல்வதாகிவிட்ட ஊர் இது.

இந்த நிலையில்தான் எல்வ மொழி எனக்கு உதவியது. அங்கே யாருடைய நிலமும் பணயத்தில் இல்லை. ஓர் ஊகத்தைச் செய்யலாம், பிறகு ஆசிரியரே எழுதிவைத்த விடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அழகான ஊகங்கள் எத்தனை எளிதாகப் பொய்க்கின்றன என்பது கண்ணெதிரே தெரியும். அப்படிப் பழகிய மாணவர்கள் கோணமலையைப் பற்றிப் பேசும்போது முதலில் கேட்பது, எந்த வடிவம், எந்த நூற்றாண்டு, எந்தச் சான்றில் என்பதே. எங்கள் வட்டத்தில் மூன்று மொழி பேசும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கத் தொடங்கிய பின் உரையாடல் சண்டையாகாமல் நடக்கிறது.

எதிலிருந்து தொடங்குவது?

'சில்மரில்லியன்' நூலின் பின்னிணைப்பு ஒன்றே முதல் ஆண்டுக்குப் போதும். பிறகு 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலின் கடைசி இரண்டு பின்னிணைப்புகள். அதன் பின் எட்டிமாலஜீஸ். அதன் திருத்தங்களும் சேர்க்கைகளும் 'வின்யார் தெங்வார்' இதழின் 45, 46ஆம் எண்களில் உள்ளன. முதல் சொற்பட்டியல்கள் 'பர்மா எல்தலம்பெரோன்' இதழில் அச்சாகியிருக்கின்றன. இணையத்தில் 'எல்தாமோ' என்ற சொற்களஞ்சியம் ஒவ்வொரு சொல்லையும் காலவரிசைப்படி பிரித்துக் காட்டுகிறது, கைபேசியிலேயே படிக்கலாம்.

குறிப்பேட்டில் ஒரு சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். சொல், மொழி, பொருள், அது வரும் இடம், எழுதப்பட்ட ஆண்டு, அச்சான ஆண்டு, உடன்பிறந்த சொற்கள் என்று வரிசையாக எழுதி, உங்கள் ஊகத்தை வேறு நிற மையில் எழுதுங்கள். முதல் சொல்லாக 'மோர்' நல்லது. மோர்தோர், மோரியா, மோர்மெகில், கருவாயில் எனும் மொரான்னோன் என நான்கு பெயர்கள் இப்போதே கையில் இருக்கின்றன. மற்றவற்றை நூலில் தேடுங்கள்.